கிற்றாரின் பெயரும் விலையும்

இசைக்கருவிகள் விற்கும் கடையொன்றில் இரண்டு மின்கிற்றார்கள் அருகருகே தொங்குகின்றன. வடிவம் ஒன்றே, நிறம் ஒன்றே, ஆறு தந்திகளும், மெட்டுக்களும், முறுக்காணிகளும் இரண்டிலும் ஒரே வகையாக அமைந்துள்ளன. ஒன்றன் தலையில் 'பென்டர்' என்றும், மற்றையதன் தலையில் 'ஸ்குவையர்' என்றும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. இரு பெயர்களும் ஒரே நிறுவனத்தாருக்கு உரியவை. ஆயினும் முன்னதன் விலை பின்னதன் விலையிலும் பன்மடங்கு மிகுந்தது. இவ்வேறுபாடு எதனால் ஆயது? மிகுதியாகக் கொடுக்கும் பணத்துக்கு ஈடாக வாங்குவோன் பெறுவது யாது? மரமா, தொழிற்றிறமா, இனிய நாதமா, அன்றி வெறும் எழுத்துக்களா? சிக்கனமாக வாழும் தந்தையிடம் பணம் கேட்டு நிற்கும் மாணவனுக்கு இஃது ஒரு சிறிய வினாவன்று.

இவ்வினாவுக்கு விடை கூறப் புகுவோர் பெரும்பாலும் தத்தம் செவியையே சான்றாகக் காட்டுவர். செவிச் சான்றோ ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலின் யாம் இங்கு வரலாற்றையே முதற் சான்றாகக் கொள்ளக் கருதுகின்றோம். வீணையின் தோற்றத்தை ஆராய்வோன் நூற்றாண்டுகளின் இருளிலே தடவித் திரிய வேண்டும். மின்கிற்றாரின் நிலை அத்தகையதன்று. அதனை ஆக்கியோர் யாவர், எந்நகரில் ஆக்கினர், எவ்விலைக்கு விற்றனர், யாருக்கு எதிராக வழக்கிட்டனர் என்பனவெல்லாம் ஏட்டிற் பதியப்பட்டுள்ளன. பெயர் எவ்வாறு விலையாகின்றது என்பதைக் கற்க விரும்புவோனுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

முதற்கண் கருவியின் அமைப்பை ஒருவாறு விளங்கிக்கொள்ளல் வேண்டும். வீணையிலே தந்தியின் அதிர்வு குதிரை வழியாகக் குடத்திற் புகுந்து, அங்கே பெருகி, நாதமாக வெளிப்படுகின்றது. குடத்தைக் குடைந்தவனின் கையே அந்நாதத்தின் தாய். கட்டைக்கிற்றார் எனத்தக்க மின்கிற்றாரில் குடம் என்பதே இல்லை. உடல் வெறும் பலகை. உருக்குத் தந்தி அதிரும்போது அதன் கீழுள்ள காந்தத்தின் புலம் அசைகின்றது. காந்தத்தைச் சுற்றியுள்ள மெல்லிய செப்புக் கம்பிச் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கின்றது. அவ்வோட்டம் ஒலிபெருக்கியிற் பெருகிச் செவிக்கு எட்டுகின்றது. எனவே நாதத்தின் பெரும்பகுதியைச் சுருளும், ஒலிபெருக்கியும், வாசிப்போன் விரலும் பங்கிட்டுக் கொள்கின்றன. மரத்தைக் குடையும் பரம்பரைக் கைத்திறன் இங்கே தேவைப்படவில்லை. அளவு பிறழாத தச்சு வேலையே தேவைப்பட்டது. அளவு பிறழாமை என்பது பொறிகளாற் செய்யத்தக்கது. இந்த ஓர் உண்மையைப் பற்றிக்கொண்டால் பின்வரும் வரலாறு முழுவதும் தானாகவே விளங்கும்.

லியோ பென்டர் என்பார் கலிபோர்ணியாவின் புல்லர்ட்டன் நகரில் 1938 ஆம் ஆண்டு முதல் வானொலிப் பெட்டி திருத்தும் கடை நடத்தியவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. 1946 இல் தம் பெயரால் மின் இசைக்கருவி நிறுவனமொன்றைத் தொடங்கினார். திருத்துவோன் கண்கொண்டே அவர் கருவியை நோக்கினார். பழுதுற்ற உறுப்பைக் கழற்றிப் புதியதைப் பூட்டுதல் எளிதாக இருக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. வீணையின் தண்டியை ஒத்த கழுத்துப் பகுதியை ஒட்டாமல், நான்கு திருகாணிகளாற் பூட்டினார். 1950 இல் வெளிவந்த கிற்றாருக்குப் 'பிரோட்காஸ்டர்' எனப் பெயரிட்டார். அதனையொத்த பெயரைக் கிரெட்ச் நிறுவனத்தார் தம் பறைகளுக்கு முன்னரே இட்டிருந்தமையால், 1951 இல் அது 'டெலிகாஸ்டர்' ஆயிற்று. இடைப்பட்ட சில மாதங்களில், அச்சிட்ட சின்னத்திலிருந்து அப்பெயரைக் கத்தரித்துவிட்டு எஞ்சியதை மட்டும் ஒட்டி விற்றனர். வகைப்பெயர் இல்லாத அக்கிற்றார்களையே இன்று சேகரிப்போர் பெருவிலை கொடுத்துத் தேடுகின்றனர் என்பது ஒரு வேடிக்கை!

1954 இல் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' வெளிவந்தது. நாத நடுக்கம் தரும் நெம்புகோலுடன் அதன் விலை 249.50 டொலர். இத்தொகையை 2024 ஆம் ஆண்டின் நாணய மதிப்பிற் கணக்கிட்டால் ஏறக்குறைய 2,900 டொலர் ஆகும். அவ்வாண்டில் அதே நிறுவனத்தார் அமெரிக்காவிலே செய்து விற்ற வழக்கமான ஸ்ட்ராட்டோகாஸ்டரோ 2,000 டொலருக்குக் குறைவாகவே கிடைத்தது. புகழ்பெற்ற பெயரின் விலை வானளாவ உயர்ந்துவிட்டது என்று குறைகூறுவோர் இக்கணக்கைச் சிந்தித்தல் நன்று. பெயருடைய பொருளின் விலை உண்மையில் ஏறவில்லை. பெயரில்லாத பொருளின் விலையே பெரிதும் இறங்கியது. அஃது எவ்வாறு இறங்கியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பென்டருக்கு எதிர்முனையில் நின்றவர் கிப்சன் நிறுவனத்தார். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் 1902 இல் நிறுவப்பட்ட அந்நிறுவனம் மண்டலின், கிற்றார் முதலியவற்றைப் பழைய முறையிற் செதுக்கி ஒட்டிச் செய்து பெயர் பெற்றது. 1952 இல் வெளிவந்த அவர்களது 'லெஸ் போல்' கிற்றாரிலும் கழுத்து ஒட்டப்பட்டது. மேற்பலகை வளைவாகச் செதுக்கப்பட்டது. அந்நிறுவனத்துப் பொறியாளர் சேத் லவர், இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து மின்னிரைச்சலை அடக்கும் முறையொன்றைக் கண்டார். 1958 முதல் 1960 வரை அச்சுருள்களுடன், மேற்பலகையிற் செந்தழல் நிறம் பூசி வெளியிட்ட லெஸ் போல் கிற்றார்கள் ஆயிரத்தைந்நூறு அளவினவே. அவை நன்கு விலைபோகவில்லை. எனவே நிறுவனத்தார் அவ்வடிவத்தையே கைவிட்டு வேறொன்றுக்கு மாறினர்.

1966 இல் எரிக் கிளாப்டன் என்னும் இளைஞர், ஜோன் மேயால் குழுவினருடன் சேர்ந்து இசைத்தட்டொன்று வெளியிட்டார். அதில் அவர் வாசித்தது கைவிடப்பட்ட அந்த லெஸ் போல். அவ்வொலி கேட்ட இளைஞர் யாவரும் அதனையே வேண்டினர். 1968 இல் நிறுவனத்தார் மீண்டும் லெஸ் போல் ஆக்கத் தொடங்கினர். முன்னர்த் தேங்கிக் கிடந்தவையோ இன்று நூறாயிரக் கணக்கான டொலருக்கு விலைபோகின்றன. மரம் அதே மரம். சுருள் அதே சுருள். 1960 இல் வாங்குவாரின்றிக் கிடந்தபோது இருந்த நாதத்தினும் மேலான நாதம் எதுவும் பின்னர் அதனுட் புகவில்லை. விலையை உயர்த்தியது கருவியன்று, அதனை வாசித்த கை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர்; இந்த யானை உயிரோடிருந்தபோது ஆயிரம் பொன் பெறவில்லை என்பதே வேறுபாடு.

அக்காலத்துப் பிரித்தானியாவின் நிலை நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது. 1950 களில் அமெரிக்கப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. பென்டர் என்னும் பெயரை ஆங்கில இளைஞர் இசைத்தட்டின் உறையிலே மட்டும் கண்டனர். 1959 இல் ஹாங்க் மார்வின் கையில் வந்து சேர்ந்த செந்நிற ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஓர் அதிசயப் பொருளாகவே கருதப்பட்டது. இலண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல் என்பார், அமெரிக்காவிலிருந்து வரும் பென்டர் ஒலிபெருக்கிகள் வாடிக்கையாளருக்கு எட்டாத விலையில் இருப்பதைக் கண்டார். தாமே செய்வதெனத் துணிந்து, தம் கடைத் தொழிலாளருடன் சேர்ந்து 1962 இல் ஓர் ஒலிபெருக்கியை ஆக்கினார். அதன் மின்சுற்று, பென்டர் நிறுவனத்தாரின் 'பேஸ்மன்' ஒலிபெருக்கியினது படியே. ஆயின் வால்வு, மின்மாற்றி, ஒலிவாய் ஆகியவற்றுக்கு உள்நாட்டிற் கிடைத்தவற்றையே நாட வேண்டியதாயிற்று. அதனால் ஒலி வேறாயிற்று. உரத்து வாசிக்கும்போது கரகரத்துச் சீறும் அவ்வேறுபாடே ஒரு தலைமுறையின் இசைக்கு இலக்கணமாயிற்று. இன்று மார்ஷல் என்பது தானே ஒரு பெரும் பெயர். அதன் பழைய ஒலிபெருக்கிகளைப் படிசெய்து மலிவாக விற்போரும் பலர். பெயரில்லாத படியாகத் தொடங்கியது மூலமாயிற்று. மூலமானது இன்று படியெடுப்போரைக் குறைகூறும் நிலையை அடைந்தது.

அதே நாட்டில் 1963 இல் பிரையன் மே என்னும் பள்ளி மாணவன், பெயருடைய கிற்றார் வாங்க வசதியின்றி, மின்பொறியியல் அறிந்த தன் தந்தையுடன் சேர்ந்து வீட்டிலேயே ஒன்று செய்யத் தொடங்கினான். கழுத்துக்குப் பழைய தீக்கணப்பு ஒன்றின் மரச்சட்டம் உதவிற்று. நெம்புகோலின் தந்தியிழுப்புக்கு எதிர்நிற்கப் பழைய மோட்டார்ச் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்கள் பயன்பட்டன. மெட்டுக்களுக்கிடையில் அடையாளப் புள்ளிகளாகத் தாயாரின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் பதிக்கப்பட்டன. ஏறத்தாழ இரண்டாண்டு உழைப்பு. 'குயீன்' குழுவிற் சேர்ந்து உலகப் புகழ் பெற்ற பின்னரும் அவர் தம் வாழ்நாள் முழுவதும் முதன்மையாக வாசித்தது அக்கருவியையே. பின்னாளில், 2007 இல், அவர் வான்பௌதிகவியலிற் கலாநிதிப் பட்டமும் பெற்றார் என்பதை நம் விஞ்ஞான வகுப்பு மாணவருக்காக இடைப்பிறவரலாகக் கூறிவைப்போம். வாங்க இயலாதவர் செய்தார். செய்தது வாங்கியதினும் குறைந்ததாக இல்லை. எனினும் இதனைப் பொதுவிதியாகக் கொள்ளலாகாது. எல்லா மாணவருக்கும் அத்தகைய தந்தை வாய்ப்பதில்லை.

இனிப் பெயர் வேறு, கை வேறு என்பது வெளிப்படையான காலத்துக்கு வருவோம். 1965 ஆம் ஆண்டு சனவரியில் லியோ பென்டர் தம் நிறுவனத்தைச் சீ.பீ.எஸ். என்னும் ஒலிபரப்பு நிறுவனத்தாருக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றார். பெயர் மாறவில்லை, ஆலையும் அதே நகரில் இருந்தது. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிக்கனம் தலையெடுத்தது. 1971 அளவில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தைப் பூட்டும் நான்கு திருகாணிகள் மூன்றாயின. கழுத்து இருக்கையில் இறுகப் பொருந்தாத கருவிகள் பல வெளிவந்தன. தலையிலிருந்த பெயரோ முன்னையினும் பெரிய எழுத்துக்களில் விளங்கிற்று! 'சீ.பீ.எஸ். காலத்துக்கு முன்' என்னும் தொடர் வாங்குவோர் வழக்கிற் புகுந்தது இவ்வாறுதான். பெயரைக் கண்டு விலைகொடுத்தவர் அப்பெயருக்குரிய பொருளைப் பெறவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா? லியோ பென்டர் ஓய்ந்திருக்கவில்லை. பின்னாளில் 'ஜீ அன்ட் எல்' என்னும் நிறுவனத்தை அதே புல்லர்ட்டனில் நண்பருடன் தொடங்கி, 1991 இல் மறையும்வரை கிற்றார்களைத் திருத்தியமைத்துக்கொண்டே இருந்தார். அவற்றுக்குத் தம் பெயரையே வணிகப் பெயராகச் சூட்டும் உரிமை மட்டும் அவருக்கு இருக்கவில்லை. அவ்வுரிமை நிறுவனத்தோடு விற்கப்பட்டுவிட்டது. பென்டர் செய்த கிற்றார் பென்டர்க் கிற்றார் ஆகாது போயிற்று.

கலமசூவில் நிகழ்ந்தது இதனினும் மனத்தைத் தொடுவது. கிப்சன் நிறுவனத்தின் புதிய உரிமையாளர் 1970 களில் தெற்கே நாஷ்வில் நகரில் மற்றோர் ஆலை கட்டி, உற்பத்தியைச் சிறிது சிறிதாக அங்கே மாற்றினர். 1984 இற் கலமசூ ஆலை மூடப்பட்டது. வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கே கழித்த தொழிலாளர் சிலர் ஊரைவிட்டுப் போக மனமின்றி, 1985 இல் அதே கட்டடத்தின் ஒரு பகுதியில், ஆலையின் பழைய பொறிகள் சிலவற்றைக்கொண்டே, 'ஹெரிற்றேஜ்' என்னும் பெயரிற் கிற்றார் செய்யத் தொடங்கினர். கட்டடம் அது, பொறி அது, கை அது. நாஷ்விலுக்குச் சென்றது பெயர் ஒன்றே. சந்தை எதன் பின்னாற் சென்றது? பெயரின் பின்னாற் சென்றது. கிப்சனுக்குக் கிடைக்கும் விலை ஹெரிற்றேஜுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கைத்திறனுக்காகவே மிகுவிலை கொடுக்கின்றோம் என்போர் கூற்று உண்மையாயின், இவ்விரண்டின் விலையும் வேறு வகையாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இக்காலத்திலேயே யப்பானியர் களத்திற் புகுந்தனர். நகோயா நகரத்து ஹொஷினோ என்னும் வணிகர், புத்தக விற்பனையோடு 1929 முதல் சல்வதோர் இபானெஸ் என்னும் ஸ்பானியத் தச்சரின் கிற்றார்களை இறக்குமதி செய்து வந்தவர். பின்னர்த் தாமே கிற்றார் ஆக்கத் தொடங்கியபோதும் அப்பெயரைக் கைவிடவில்லை. யப்பானியப் பொருளுக்கு ஸ்பானியப் பெயர்! பெயரின் வலிமையை அவ்வணிகர் நன்கு உணர்ந்திருந்தனர். 1970 களில் மட்சுமோட்டோ நகரத்துப் பூஜிஜென் ஆலையிற் செய்யப்பட்ட ஐபனெஸ் கிற்றார்கள் கிப்சன், பென்டர் ஆகியவற்றை அச்சொட்டாக ஒத்திருந்தன. தொடக்கத்திற் புறத்தோற்றமே ஒத்தது. தசாப்தத்தின் நடுப்பகுதியில் உட்டிறமும் ஒத்துவிட்டது. கிப்சன் உரிமையாளர் 1977 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பிலடெல்பியா நகரத்து நீதிமன்றில் வழக்குத் தொடுத்தனர். வழக்கு எதைப்பற்றியது? கிற்றாரின் தலைப்பகுதி விரித்த புத்தகத்தின் மேல்விளிம்பு போன்று வளைந்திருப்பது தமக்கே உரிய அடையாளம் என்பதைப்பற்றியது. யப்பானியக் கருவி தரங்குறைந்தது என்பது வழக்கன்று. ஹொஷினோ நிறுவனத்தார் தலையின் வடிவத்தை அதற்கு முன்னரே மாற்றத் தொடங்கியிருந்தனர். 1978 இல் இணக்கம் ஏற்பட்டது.

பென்டர் நிறுவனத்தார் வேறு வழியைக் கைக்கொண்டனர். 1982 இல் யப்பானிய வணிகருடன் கூட்டுச் சேர்ந்து 'பென்டர் யப்பான்' என்னும் நிறுவனத்தை அமைத்தனர். ஆக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது எவ்வாலையிடம் என எண்ணுகின்றீர்கள்? ஐபனெஸ் செய்த அதே பூஜிஜென் ஆலையிடமே. அங்கே ஆக்கியவற்றை மலிவாக விற்பதற்கு, 1965 இல் தாம் வாங்கிவைத்திருந்த ஒரு பழைய தந்திக் கம்பனியின் பெயராகிய 'ஸ்குவையர்' என்பதைச் சூட்டினர். 1985 இற் சீ.பீ.எஸ். நிறுவனத்தார் பென்டரை அதன் முகாமையாளர் குழுவினருக்கு 12.5 மில்லியன் டொலருக்கு விற்றபோது, புல்லர்ட்டன் ஆலை அவ்விற்பனையிற் சேரவில்லை. கொரோனா நகரிற் புதிய ஆலை இயங்கத் தொடங்கும்வரை, அமெரிக்கப் புகழின் சின்னமாகிய அந்நிறுவனம் யப்பானியத் தொழிலாளரின் உழைப்பிலேயே பெரிதும் தங்கி நின்றது. படி என்று இகழப்பட்டதே மூலத்தைத் தாங்கிய காலம் அது. நம் முதல் வினாவுக்கு வரலாறு தரும் சான்றுகளுள் இதனையே யாம் தலையாயதாகக் கொள்கின்றோம். போட்டியாளன் சொல்லிற் பக்கச்சார்பு இருக்கலாம். பெயருக்கு உரியவனே மாற்றானுடைய ஆலையைத் தன் ஆலையாகக் கொண்டபின் ஐயத்துக்கு இடமேது?

பின்னர் இவ்வோட்டம் தொடர்ந்தது. 1987 இல் மெக்சிக்கோவின் என்செனாடாவில் பென்டர் ஆலையொன்று எழுந்தது. கொரோனாவுக்கும் அதற்கும் இடையிற் சில மணிநேரப் பயணமும் ஒரு தேச எல்லையுமே உண்டு. எனினும் எல்லைக்கு இப்பாற் செய்ததற்கும் அப்பாற் செய்ததற்கும் விலையிற் பெரிய வேறுபாடு. அவ்வேறுபாட்டின் கணிசமான பகுதி தொழிலாளியின் கூலி. கொரியா, இந்தோனேசியா, சீனா ஆகிய நாடுகளுக்கும் தொழில் பரவியது. கணினியால் இயக்கப்படும் செதுக்கு பொறிகள் வந்தபின், மலிவான கிற்றாரின் கழுத்தும் உடலும் பிறழாத அளவினவாயின. மலிவு என்பதும் வெறுமனே வந்ததன்று. பல நிறுவனங்களுக்காகக் கிற்றார் செய்த கொரியாவின் கோர்ட் கம்பனி, 2007 இல் உள்நாட்டு ஆலைகளை மூடி வேலையாட்களை நீக்கியது. உற்பத்தி இந்தோனேசியாவிலும் சீனாவிலும் தொடர்ந்தது. நீக்கப்பட்டோர் தொடங்கிய போராட்டம் 2019 இலேயே முடிவுற்றது. பெயரின் விலையை ஆராயும் நாம் மலிவின் விலையையும் மறத்தல் நேர்மையன்று.

சட்டம் இவ்விடயத்தில் யாது கூறிற்று? கிப்சன் நிறுவனத்தார், போல் ரீட் ஸ்மித் என்பாரின் நிறுவனம் தம் லெஸ் போல் வடிவத்தைப் படிசெய்ததென வழக்கிட்டனர். கடையில் நின்று வாங்குவோன் இரண்டையும் மாறாட்டமாகக் கருதமாட்டான் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டனர். புகை சூழ்ந்த மதுச்சாலையொன்றில் தூரத்தேயிருந்து பார்ப்போன் மயங்கக்கூடும் என்னும் வகையிலேயே அவர்களின் வாதம் அமைந்தது. மேன்முறையீட்டு நீதிமன்று 2005 இல் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2009 இல் அமெரிக்க வணிகக்குறி மேன்முறையீட்டுச் சபை, ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் முதலியவற்றின் உடல் வடிவங்களைப் பென்டர் நிறுவனத்தின் தனியுடைமையாகப் பதிய மறுத்தது. பல்லாண்டுகளாகப் பலரும் செய்துவரும் அவ்வடிவம் பொது வடிவமாகிவிட்டது என்பது அச்சபையின் முடிபு. ஆக, அவ்வடிவங்கள் ஊர்ப் பொதுக்கிணறு போன்றவையாயின. தலையிலே பொறித்த எழுத்துக்களே தனியுடைமையாக எஞ்சின.

செவிச் சான்றை நாம் முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. அதனைக் கண்ணினின்று பிரித்துக் கேட்டாற் போதும். வயலின் உலகிலே இது செய்யப்பட்டது. 2010 இல் இந்தியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர், உருக்கொட்டுவோர் அணியும் இருண்ட கண்ணாடியை அணிந்து, ஆறு வயலின்களை வாசித்து ஒப்பிட்டனர். மூன்று புதியவை, இரண்டு ஸ்ட்ராடிவாரி செய்தவை, ஒன்று குவார்னேரி செய்தது. பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடாதிருக்க நறுமணத் தைலமும் தடவப்பட்டது. பெரும்பாலோர் விரும்பியவை புதியன. மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. கிற்றாரிலும் இத்தகைய சோதனை உண்டு. இங்கிலாந்தின் லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018 இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், ஒரே தச்சர் செய்த ஆறு கிற்றார்கள் பயன்படுத்தப்பட்டன. அவை மின்கிற்றார்கள் அல்ல. குடமுடைய உருக்குத்தந்திக் கிற்றார்கள். பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் உரிய மரமே அவற்றிடை வேறுபட்டது. 1992 முதல் அனைத்துலக வணிகத்தில் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ள பிரேசில் ஈட்டி மரம் அவற்றுள் ஒன்று. 52 கலைஞர் மங்கிய ஒளியில் கண்ணை மறைத்து வாசித்தனர். மரங்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டை அவர்கள் காணவில்லை. குடமுள்ள கருவியிலேயே பின்மரத்தின் நிலை இதுவாயின், குடமற்ற பலகைக் கிற்றாரில் அரிய மரத்துக்குக் கொடுக்கும் மிகுவிலையைப்பற்றிக் கூற வேண்டுவதில்லை.

ஆயினும் இச்சோதனையிலிருந்து வேண்டியதற்கு மேல் முடிபு கொள்ளுதல் தவறு. ஆறு கிற்றார்களையும் செய்தவர் தேர்ந்த கைவினைஞர் ஒருவரே. எனவே சோதிக்கப்பட்டது மரம்; கைத்திறன் அன்று. கைத்திறனோ விரலுக்கு உடனே புலப்படும். மெட்டுக்கள் ஒரே மட்டமாகத் தேய்க்கப்பட்டிராவிடில் தந்தி அங்கங்கே மோதி இரையும். தந்தி தலையருகே தங்கும் பள்ளம் சரியான ஆழத்தில் வெட்டப்படாவிடில் முதல் மெட்டிலேயே சுருதி பிசகும். முறுக்காணி நெகிழுமாயின் ஒரு பாட்டு முடியுமுன் சுருதி இறங்கிவிடும். இவற்றைச் சீராக்கும் மணிநேரங்களுக்கே நல்ல கிற்றாரின் விலையில் நியாயமான பகுதி செல்கின்றது. மிகவும் மலிவான கருவியிற் கற்கத் தொடங்கிய இளைஞன், பிழை தன் விரலிலா கருவியிலா என அறியாமல் மனம் தளர்ந்து விட்டுவிடுவதும் உண்டு. ஆதலால் மிகத் தாழ்ந்த விலையிலிருந்து நடுத்தர விலைக்கு ஏறுவதற்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண்போவதில்லை. நடுத்தர விலைக்கு மேல் ஏற ஏற, அதே அளவு பணம் தரும் பயன் சுருங்கிக்கொண்டே போகின்றது. ஓர் எல்லைக்கு அப்பாற் கொடுக்கப்படுவது பெயருக்கும், பழைமைக்கும், பிறர் வாசித்த நினைவுக்குமே. பெயருடைய கருவியை மீள விற்கும்போது முதலின் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்பது மெய்யே. ஆனால் அது வணிகனுக்குரிய நியாயம், இசைக்குரியதன்று. கையிற் பணம் சுருங்கிய மாணவனுக்கு நாம் கூறுவது: நடுத்தரமான கருவியொன்றை வாங்குக, தொழிலறிந்த ஒருவரிடம் கொடுத்து மெட்டுக்களையும் குதிரையையும் சீராக்குக, எஞ்சியதை ஆசிரியருக்குக் கொடுக்க.

காலால் மிதித்து ஒலியை மாற்றும் சிறு பெட்டிகளின் கதையும் இத்தன்மையதே. அமெரிக்கரான பில் பினெகன் 1994 முதல் 'குளோன் சென்டோர்' என்னும் பெட்டியைக் கையாற் செய்து விற்றார். எண்ணாயிரம் அளவில் ஆக்கியபின் நிறுத்தினார். உள்ளிருக்கும் மின்சுற்றைப் பிறர் காணாதவாறு கரிய பிசினால் மூடியிருந்தார். பின்னர் ஆர்வலர் அப்பிசினை உடைத்துச் சுற்றை அறிந்து வெளியிட்டனர். அதே சுற்றுடைய படிகள் மலிவாகப் பெருகின. மூலப்பெட்டியின் விலை அதனாற் குறைந்ததா? ஆயிரக்கணக்கான டொலருக்கு ஏறிற்று. இரகசியம் வெளிப்பட்ட பின்னரும் விலை ஏறுமாயின், விலை அவ்விரகசியத்துக்கு உரியதாக இருந்ததில்லை. பினெகன் பின்னாளிற் செய்த மற்றொரு பெட்டியின் மேல், இவ்வாரவாரம் தம்மால் விளைந்ததன்று என்னும் பொருள்பட ஒரு வாசகம் அச்சிட்டார்.

கிளாப்டனின் 'பிளாக்கி' என்னும் கிற்றாரைப்பற்றியும் கூறவேண்டும். 1970 இல் அவர் நாஷ்வில் நகரத்துக் கடையொன்றில், அப்போது மவுசு குன்றிக் கிடந்த ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை மலிவு விலைக்கு வாங்கினார். மூன்றை நண்பர் மூவருக்குப் பரிசளித்தார். எஞ்சிய மூன்றையும் கழற்றி, ஒன்றன் உடலும் மற்றொன்றன் கழுத்தும் பிறிதொன்றன் சுருளுமாக நல்லவற்றைத் தெரிந்து ஒன்றாகப் பூட்டினார். நான்கு திருகாணிக் கழுத்து அதற்கு இடந்தந்தது. பதினைந்து ஆண்டளவில் அதனையே அவர் மேடைகளில் வாசித்தார். 2004 இல் போதை நோயாளர் சிகிச்சை நிலையத்துக்குப் பணம் சேர்க்க அதனை ஏலத்தில் விட்டபோது, ஓர் இசைக்கருவிக் கடை நிறுவனத்தார் 959,500 டொலருக்கு எடுத்தனர். பின்னர் 2006 இல், பென்டர் நிறுவனத்தாரைக்கொண்டு அதன் படிகள் 275 செய்வித்து, ஒவ்வொன்றையும் 24,000 டொலருக்கு விற்பனைக்கு வைத்தனர். தேய்ந்த வண்ணம், கழுத்தில் விரல் தேய்த்த தடம், தலையில் அவர் செருகிவைத்த சிகரெட்டின் சூட்டுத் தழும்பு ஆகிய யாவும் அப்படிகளில் அளவு பிறழாமல் அமைக்கப்பட்டிருந்தன.